முட்டை நம்முடையது, சாஸ்திரம் யாருடையது?

2025-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி மத்திய மந்திரிசபை கூடி, ஆராய்ச்சிக்கும் புதுத்தொழில் அபிவிருத்திக்கும் 1 லட்சம் கோடி ரூபாய் கொண்ட நிதியொன்றுக்கு அங்கீகாரம் அளித்தது. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்னரே, 2023 ஆகஸ்டு மாதத்தில், அநுசந்தான் தேசிய ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்கான சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. ஐந்து வருஷ காலத்தில் 50,000 கோடி ரூபாய் அதன் மூலம் செலவாகும் என்று அப்பொழுது கூறப்பட்டது. இத்தொகைகளைக் கேட்டு மகிழாத தேசாபிமானி இருக்க முடியாது. ஆயினும் தொகையைக் கேட்டு மகிழ்வது ஒன்று. அது எவருக்கு, எவ்வித நிபந்தனையுடன் போய்ச் சேருகிறது என்று விசாரிப்பது மற்றொன்று. முன்சொன்ன 50,000 கோடியில் சுமார் 36,000 கோடி, தனி முதலாளிகள் முதலிய சர்க்கார் அல்லாதாரிடமிருந்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. பின்சொன்ன 1 லட்சம் கோடியோ, நீண்டகாலக் கடனாகவும் பங்கு மூலதனமாகவும், ஏற்கெனவே பாதிப் பக்குவம் அடைந்து சந்தையை நோக்கி நிற்கும் முயற்சிகளுக்கே உரியது. கடன் வாங்குகிறவன் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டியவன், லாபம் தெரியாத கேள்வியைக் கேட்கத் துணிய மாட்டான்.

லாபம் தெரியாத கேள்வி எதற்கு என்று நம்மவர் சிலர் வினவக்கூடும். சேலத்திலும் நாமக்கல்லிலும் வியாபாரம் அறிந்தவர்கள் அதிகம். அவர்கள் இவ்வாறு கேட்பதில் ஆச்சரியமில்லை. அவர்களுக்கு விடையாக ஓர் உண்மைச் சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறோம். அது ஆட்டு ரத்தத்தில் தொடங்கி, கோழி முட்டையின் வழியாக, கடைசியில் நம் ஊர் வாசலுக்கே வந்து நிற்பது.

மனித ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் டி-அணு என்பது ஒரு வகை. நோய்க்கிருமி புகுந்த ஜீவாணுக்களைத் தேடிப் பிடித்துக் கொல்வதும், மற்ற வெள்ளணுக்களை ஏவுவதும் இவற்றின் தொழில். 1970-ஐ ஒட்டிய வருஷங்களில் வைத்திய சாஸ்திரிகள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். மனிதனுடைய டி-அணுக்களோடு செம்மறியாட்டின் ரத்தத்தைக் கலந்து வைத்தால், ஆட்டின் சிவப்பணுக்கள் டி-அணுவைச் சுற்றி இதழ்கள் போல் ஒட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியில் ஒரு பூவைப்போல் தோன்றும். மற்ற வெள்ளணுக்கள் இவ்வாறு பூப்பதில்லை. ஆகவே ஒருவனுடைய ரத்தத்தில் டி-அணுக்கள் எத்தனை என்று எண்ணுவதற்கு இது நல்ல உபாயமாயிற்று. உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் பத்து வருஷத்துக்கு மேல் இம்முறை கையாளப்பட்டது. மனிதனுடைய அணுவுக்கும் ஆட்டின் அணுவுக்கும் என்ன உறவு, அவை ஏன் ஒட்டுகின்றன என்பதை மட்டும் எவரும் அறியார். அறிந்தால் என்ன ஆதாயம் என்றும் எவருக்கும் தெரியாது.

ஜீவாணுக்கள் ஒன்றையொன்று பற்றுவது தற்செயலாக அன்று. அவற்றின் மேற்புறத்தில் இதற்கென்றே அமைந்த புரதங்கள் இருக்கின்றன. இக்காலத்துப் பாடநூல்கள் இவற்றைச் செல் ஒட்டு மூலக்கூறுகள் என்று கூறும்; நாம் சுருக்கமாக ஒட்டுப்பொருள் என்போம். ஒன்றின் ஒட்டுப்பொருளுக்கு மற்றொன்றில் ஒரு ஜோடி இருக்கும். பூட்டுக்குத் திறவுகோல் பொருந்துவது போல அவ்விரண்டும் பொருந்தும்போது அணுக்கள் பற்றிக்கொள்ளும். பற்றாமல் டி-அணு எதையும் கொல்ல முடியாது. கொலையாளி எதிரியின் கையைப் பிடித்த பின்னரே அடிக்கிறான்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த ஓர் ஆராய்ச்சிசாலையில், திமோத்தி ஸ்பிரிங்கர் என்பவரும் அவருடைய சகாக்களும் இவ்விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். டி-அணுக்கள் கொல்லும் தொழிலைத் தடுக்கக்கூடிய எதிர்ப்பொருள்கள் எவை என்று சலித்துப் பார்த்து, அவை எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகின்றன என்று விசாரித்தார்கள். தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தெரியாதவன், எங்கே கை வைத்தால் கதவு திறக்காமல் நிற்கிறது என்று சோதிப்பதற்கு ஒப்பானது இம்முறை. 1982-ல் மூன்று புரதங்கள் அகப்பட்டன. அவற்றுக்கு எல்.எப்.ஏ.1, எல்.எப்.ஏ.2, எல்.எப்.ஏ.3 என்று நாமகரணம் செய்தார்கள். இரண்டாவது டி-அணுவின் மேல் இருப்பது, சி.டி.2 என்பதும் அதுவே. மூன்றாவது நம் சரீரத்தின் பெரும்பாலான ஜீவாணுக்களின் மேல் உள்ளது. இவை ஏன் இருக்கின்றன, எதனோடு எது ஜோடி என்பது இன்னும் விளங்கவில்லை.

விளக்கிய கட்டுரை 1987-ல் ‘நேச்சர்’ பத்திரிகையின் 326-வது தொகுதியில் வெளிவந்தது. சி.டி.2 என்ற புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து, அது ஜீவாணுக்களின் மேல் உள்ள எல்.எப்.ஏ.3-ஐ நேரே பற்றுகிறது என்று அதில் ருசுப்படுத்தப்பட்டிருந்தது. எல்.எப்.ஏ.3-ஐ எதிர்ப்பொருளால் மூடிவிட்டால் பற்றுவது நின்றுவிடுகிறது. ஆட்டு ரத்தத்தின் பூவுக்கும் இதனால் காரணம் விளங்கிற்று. ஆட்டின் சிவப்பணு மேலும் எல்.எப்.ஏ.3-க்கு ஒப்பானதொன்று இருக்கிறது, மனிதனுடைய சி.டி.2 அதை அடையாளம் தவறிப் பிடித்துக்கொள்கிறது. இக்கட்டுரையின் தலையில் ஆசிரியர் வரிசையில் முதலாவதாக நிற்கும் பெயர் பெரியசாமி செல்வராஜ்.

தமிழ்ப் பெயர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அப்பெயரைப் பாஸ்டனில் பார்த்துப் பெருமை கொள்வதோடு நம்மவரிற் பலர் நின்றுவிடுகிறார்கள். நாம் பெருமை கொள்வதை ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அவர் என்ன செய்தார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கொள்ளும் பெருமை, திருவிழாவில் தேரைப் பாராமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்புவது போன்றது.

அவர் மேலும் செய்தது யாதெனில்: புரதங்கள் சாதாரணமாக ஜீவாணுவின் தோலை ஊடுருவி நிற்கும். எல்.எப்.ஏ.3-ல் ஒரு பகுதி அவ்வாறு நில்லாமல், கொழுப்பினாலான ஒரு சிறு நங்கூரத்தைப் போட்டு மேலே மிதக்கிறது என்பதை 1987-ல் செல்வராஜும் சகாக்களும் காட்டினார்கள். காட்டிய விதம் கவனிக்கத் தக்கது. சிறுநீர் இரவில் சிவந்து இறங்கும் அபூர்வமான ரத்தநோய் ஒன்று உண்டு. அந்நோயாளிகளின் நோயுற்ற அணுக்களில் எல்.எப்.ஏ.3 இல்லாதிருக்கக் கண்டு, நங்கூரமே அவ்வணுக்களில் உண்டாவதில்லை என்று ஊகித்தார்கள். மறு வருஷம், எதிர்ப்பொருள்களைப் பற்றும் சி.டி.16 என்ற வேறொரு புரதத்துக்கும் இதே நங்கூரம் என்பது செல்வராஜ் முதலியோரின் பெயரில் அதே ‘நேச்சரில்’ வந்தது. அந்நோயின் மூலகாரணமான மரபுக்குறையை 1993-ல் ஜப்பானியர் கண்டுபிடித்தபோது, குறை நங்கூரம் செய்யும் வேலையில்தான் இருந்தது.

பின்னர் செல்வராஜ் அட்லாண்டாவில் எமோரி சர்வகலாசாலைக்குச் சென்று, தாம் கண்ட நங்கூரத்தையே ஒரு கருவியாக்கினார். புற்றுநோய் அணுக்கள் டி-அணுவை ஏவும் புரதங்களைத் தம்மேல் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே காவற்காரன் கண்ணுக்கு அவை படுவதில்லை. அப்படிப்பட்ட ஏவற்புரதம் ஒன்றுக்கு நங்கூரம் கட்டிவிட்டால், அது புற்றுநோய் அணுவின் மேல் தானே போய் அமரும் என்பதை அவருடைய குழுவினர் 1995-ல் வெளியிட்டார்கள். நோயாளியின் கட்டியையே அவனுக்குத் தடுப்பு மருந்தாக மாற்றலாமா என்ற யோசனை இதிலிருந்து எழுந்தது. எலிகளிடத்தில் நம்பிக்கை தரும் முடிவுகள் கிடைத்தன. எலி வேறு, மனிதன் வேறு. ஆகவே இதைப் பற்றி அதிகம் பேசுவது முறையன்று.

இப்பொழுது வியாபாரிகளின் கேள்விக்கு வருவோம். ஆட்டு ரத்தம் ஏன் ஒட்டுகிறது என்று அறிந்ததால் என்ன விளைந்தது? எல்.எப்.ஏ.3-ன் ஒரு துண்டை எதிர்ப்பொருளின் வாலோடு இணைத்து அலெபசெப்ட் என்ற மருந்து செய்யப்பட்டது. வெறி கொண்டு தோலைத் தாக்கும் டி-அணுக்களின் சி.டி.2-வை அது போய் அடைத்துக்கொள்ளும். சொரியாஸிஸ் என்ற தோல்நோய்க்கு 2003-ல் அமெரிக்க சர்க்கார் அதை அநுமதித்தது. 1987-ல் ஒருவன் கடன் கேட்டு எந்தப் பாங்கிக்குப் போயிருந்தாலும் அவனைச் சிரித்து அனுப்பியிருப்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமானால், அலெபசெப்ட் நெடுங்காலம் நிலைக்கவில்லை. வேறு மருந்துகள் மேலோங்கியதால் 2011-ல் விற்பனை நின்றது. எல்.எப்.ஏ.1-ஐ மூடும் மற்றொரு மருந்து மூளையில் கொடிய தொற்று உண்டாக்கியதால் 2009-ல் வாபஸ் பெறப்பட்டது. இருப்பினும் அவ்விரண்டின் வழியிலே வந்தவை இன்று கண், குடல், நரம்பு வியாதிகளுக்குப் பயன்படுகின்றன. ஒட்டுப்பொருள்களில் இன்டெக்ரின் என்னும் குடும்பத்தைக் கண்டுபிடித்ததற்காக 2022-ல் லாஸ்கர் பரிசு ஸ்பிரிங்கருக்கும், ரிச்சர்டு ஹைன்ஸ், எர்க்கி ருவோஸ்லாத்தி என்ற இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்த ஹைன்ஸ் என்பவரிடமிருந்துதான் நம் ஜில்லாவுக்குப் பாதை பிரிகிறது. இன்டெக்ரின் என்ற பெயர் 1986-ல் அவருடைய குழுவினர் இட்டது. அதன் அமைப்பை அவர்கள் முதன்முதலில் படித்தறிந்தது மனித அணுவிலன்று; கோழி அணுவில். அதற்கும் பத்து வருஷம் முன்னே செல்வோம். எதிர்ப்பொருளின் வடிவத்தைக் கண்டதற்காக 1972-ல் நோபல் பரிசு பெற்ற ஜெரால்டு எடல்மன், 1970-களின் பிற்பகுதியில், ஜீவாணுக்களின் முதல் ஒட்டுப்பொருளைப் பிடித்தார். எங்கே பிடித்தார்? அடைகாத்த கோழி முட்டைக்குள் வளரும் குஞ்சின் கண்விழித்திரையில். அவ்வணுக்களைப் பிரித்து உதிர்த்து விட்டால் அவை மறுபடி கூடும். எதிர்ப்பொருள் சேர்த்தால் கூடா. கூடுவதைத் தடுத்த எதிர்ப்பொருளைப் பின்தொடர்ந்து சென்று புரதத்தை அடைந்தார். ஸ்பிரிங்கர் பின்னாளில் டி-அணுக்களிடம் கையாண்டதும் இவ்வகை உபாயமே.

இன்னும் ஒன்று கேளுங்கள். வெள்ளணுக்களில் டி-அணுவுக்குத் துணையான பி-அணு, எதிர்ப்பொருளைச் செய்வது. அந்த ‘பி’ என்ற எழுத்து கோழியினுடையது. கோழியின் எச்சத்துவாரத்தின் அருகே ஒரு சிறு பை உண்டு. இத்தாலியில் பதுவா நகரத்துப் பப்ரீஷியஸ் என்பவர் எழுதிவைத்து, அவர் இறந்தபின் 1621-ல் அச்சான நூலில் அது வருணிக்கப்பட்டது. லத்தீனில் பைக்குப் பர்ஸா என்று பெயர். மூன்று நூற்றாண்டு காலம் அது எதற்கென்று தெரியவில்லை. அமெரிக்காவில் ஒஹையோ சர்வகலாசாலையில் புரூஸ் கிளிக் என்பவர் குஞ்சுகளின் பையை அறுத்தெடுத்துப் பார்த்தார். விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. அவருடைய நண்பர் சாங் என்பவர், வகுப்பில் எதிர்ப்பொருள் உண்டாவதை மாணவர்களுக்குக் காட்டுவதற்காகக் கோழிகள் வேண்டுமென்று இவற்றில் சிலவற்றை வாங்கிச் சென்றார். எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. வகுப்பு கெட்டது, சாஸ்திரம் பிழைத்தது. பை இல்லாத கோழிக்கு எதிர்ப்பொருள் இல்லை என்று அவர்கள் எழுதிய கட்டுரையைப் பெரிய சாஸ்திரப் பத்திரிகை ஒன்று ஏற்க மறுத்தது. 1956-ல் கோழி வளர்ப்போருக்கான பத்திரிகை ஒன்றில் அது அச்சாயிற்று. இன்று உலகத்து வைத்திய மாணவர் யாவரும் முதல் வருஷத்திலேயே படிக்கும் பாடம் அதுதான்.

நாமக்கல் சமவெளியில் வசிப்பவர்கள் இதைப் படித்து ஒரு கணம் தங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். நாமக்கல், மோகனூர், புதுச்சத்திரம், ராசிபுரம் பக்கங்களில் கோடிக்கணக்கான கோழிகள் கூண்டுகளில் நிற்கின்றன. நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் லாரியேறிக் கேரளத்துக்கும், சத்துணவுக் கூடங்களுக்கும், கப்பலேறி அரபு நாடுகளுக்கும் போகின்றன. மானாவாரிச் சோளமும் நிலக்கடலையும் விளைந்த வறண்ட பூமியில், நம் குடியானவர்கள் சர்க்காரின் தயவை அதிகம் எதிர்பாராமல், தம் உழைப்பால் நிறுத்திய தொழில் இது. உலகத்து நோயெதிர்ப்பு சாஸ்திரம் எந்தப் பிராணியின்மேல் கட்டப்பட்டதோ அந்தப் பிராணி, இந்தியாவில் வேறெங்கும் காண்பது அரிதான அளவில் நம் காலடியில் நிற்கிறது.

நிற்பது மாத்திரமன்று, ஒட்டுவதும் எதிர்ப்பதும் எனும் விஷயம் நம் கோழிப்பண்ணைக்காரனுக்கு அன்றாட ஜீவனப் பிரச்னை. வெள்ளைக் கழிச்சல் என்று கிராமத்தார் சொல்லும் கொள்ளைநோயை அறியாத வீடு இல்லை. ஆங்கிலேயர் தம் தேசத்து நியூகாஸில் ஊரின் பெயரால் அதை வழங்குவர். நம் தேசத்தில் 1920-களின் பிற்பகுதியில் குமாவூன் மலைப்பிரதேசத்து ராணிக்கேத்தில் காணப்பட்டதால் ராணிக்கேத் நோய் என்கிறோம். அந்த வைரஸ் கோழியின் ஜீவாணுவைப் பற்றுவதற்கென்று தன் மேல் ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. அணுவின் மேல் உள்ள சர்க்கரைப் பொருள் ஒன்றை அது பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. அதே புரதத்தினால் கோழியின் சிவப்பணுக்களையும் ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்கிறது. தடுப்பூசி போட்ட கோழியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தாலோ, அது வைரஸின் கையைக் கட்டிவிடும். சிவப்பணுக்கள் திரளாமல் குழியின் அடியில் பொத்தான்போல் படியும். ரத்த நீரை மேலும் மேலும் பாதியாக நீர்த்து, எதுவரை திரளாமல் நிற்கிறது என்று பார்ப்பதே எச்.ஐ. பரீட்சை. நாமக்கல்லில் எழுத்தறிவு குறைந்த பண்ணைக்காரனும் தன் மந்தையின் ‘டைட்டர்’ எவ்வளவு என்று கேட்பான். ஆட்டு ரத்தத்தின் பூவும், கோழி ரத்தத்தின் பொத்தானும் ஒரே வகைச் சாஸ்திரம் என்பதை அவனுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

கம்போரோ என்ற மற்றொரு நோயையும் அவன் அறிவான். அது குஞ்சுகளின் முன்சொன்ன பையையே தாக்கி, எதிர்ப்பொருள் செய்யும் அணுக்களை அழிக்கிறது. பிழைத்த குஞ்சுக்கும் பின்னர் போடும் தடுப்பூசி ‘பிடிக்காது’. டைட்டர் ஏறவில்லை என்று பண்ணைக்காரன் தடுப்பூசி விற்றவனைத் திட்டுவான். குற்றம் பையிலே இருக்கும்.

நம் தேசத்தார் இவ்விஷயத்தில் கைகட்டி நின்றார்கள் என்று நாம் சொல்லவில்லை. குமாவூனில் உள்ள முக்தேசுவரத்தின் பெயரைத் தாங்கிய ராணிக்கேத் தடுப்பூசி 1940-களில் உண்டாயிற்று. ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் நடக்கிறது. நாமக்கல்லிலேயே 1985-ல் கால்நடை வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. அங்கு உழைப்பவர்கள் நோய் வந்த பண்ணைக்கு இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடுகிறவர்கள். ஆனால் தீயணைப்பவனிடம் நெருப்பின் ரசாயனத்தையும் ஆராயச் சொன்னால் எப்பொழுது செய்வான்? அடிப்படைக் கேள்விக்கென்று தனியாக ஆளும், காலமும், பணமும் ஒதுக்கினால் அல்லவா அது நடக்கும்?

ஒதுக்கினால் தமிழ்நாட்டில் நடக்கும் என்பதற்கு அத்தாட்சி உண்டு. 1952-ல் சென்னை சர்வகலாசாலையின் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், முப்பது வயதான ஜி. என். ராமச்சந்திரனைப் பௌதிகப் பேராசிரியராக நியமித்து, வேண்டிய விஷயத்தை ஆராயலாமென்று விட்டார். எலும்பையும் தோலையும் தசைநாணையும் கட்டிநிறுத்தும் கொல்லாஜன் என்ற புரதம் மூன்று புரிகளாய் முறுக்கப்பட்ட கயிறு என்பதை, கோபிநாத் கர்த்தாவுடன் கூடி 1954-ல் அவர் உலகுக்கு அறிவித்தார். ஜீவாணுக்களின் இன்டெக்ரின்களிற் சில பற்றுகின்ற கயிறு அதுவே. நமக்குக் கயிற்றின் முறுக்கு தெரிந்திருந்தது. கயிற்றைப் பிடிக்கும் கையை முப்பது வருஷம் கழித்து அமெரிக்கர் கண்டார்கள். 1970-ல் ராமச்சந்திரன் சென்னையை விட்டுப் பெங்களூருக்குப் போனார். அவர் போனதைவிட, அவருக்குப் பின் அத்தகைய சுதந்திரம் நம் சர்வகலாசாலைகளில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதே நாம் வருந்த வேண்டிய விஷயம்.

2020-21-ம் வருஷத்தில் ஆராய்ச்சிக்காக இந்தியா செலவிட்டது, தேசத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 பங்கு. தென் கொரியா ஏறக்குறைய 5 பங்கு செலவிடுகிறது. நம் வாலிபர்கள் வெளிநாடு செல்வதை ஏசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதி வைத்துக்கொண்டு பேசட்டும்.

மேலும், வெளிநாட்டுக் கதவும் எப்பொழுதும் திறந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. செல்வராஜ் ஆராய்ந்த ஹார்வர்டிலேயே, 2025 ஏப்ரலில் அமெரிக்க சர்க்கார் 200 கோடி டாலருக்கு மேற்பட்ட மானியங்களை நிறுத்திவைத்தது. அது சட்டவிரோதம் என்று பாஸ்டன் நீதிமன்றம் செப்டம்பரில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. அதே செப்டம்பரில், புதிதாக எச்-1பி அநுமதியில் அந்நியரை அழைப்போர் தலைக்கு 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற உத்தரவும் பிறந்தது. கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தரைப் பற்றியே நம் பத்திரிகைகள் அப்பொழுது கவலைப்பட்டன. ஆராய்ச்சிசாலையில் ஆட்டு ரத்தத்தைக் கலக்கிப் பார்க்கும் பிள்ளைக்காக அத்தொகையை எந்தச் சர்வகலாசாலை கட்டும்? அவன் இங்கேயே நிற்க நேர்ந்தால், அவனுக்கு இங்கே ஒரு மேஜை உண்டா?

கோழிகளைப் பற்றியே பேசுகிறோமே என்று சிலர் நினைக்கக்கூடும். மனிதக் குழந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளணுக்களின் எல்.எப்.ஏ.1 முதலிய ஒட்டுப்பொருள்களுக்குப் பொதுவான ஓர் அங்கம் சி.டி.18. மரபுக் குறையால் அது இல்லாமற் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அக்குழந்தையின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைவாக இரா, ஏராளமாக இருக்கும். ஆனால் ரத்தக்குழாயின் சுவரைப் பற்றி வெளியேற முடியாமல் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். தொப்புள்கொடி உரிய காலத்தில் விழாது. புண் வரும், சீழ் பிடிக்காது. சீழ் இல்லாததைக் கண்டு பெற்றோர் நல்லதென்று நினைத்து ஏமாறுவர். கடுமையான குறையாயின், எலும்பு மஜ்ஜை மாற்றினாலன்றிக் குழந்தை பெரும்பாலும் சில வருஷங்களில் மடியும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் நோய் தோன்றும். ஆகவே அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் உள்ள ஜனங்களிடையே அதற்கு இடம் அதிகம். நம் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் அவ்வழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நோய் அபூர்வமானது, பயமுறுத்துவது நம் எண்ணமன்று. ஆனால் தொப்புள்கொடி ஒரு மாதமாக விழவில்லை என்று ஒரு தாய் வந்தால், சி.டி.18-ஐ நினைக்கவும் சோதிக்கவும் கூடிய வைத்தியர் பக்கத்தில் இருக்க வேண்டும். சேலத்தில் 1986 முதல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லில் 2022-ல் ஒன்று திறக்கப்பட்டது. இவற்றோடு கால்நடைக் கல்லூரியும், சேலத்துப் பெரியார் சர்வகலாசாலையும் சேர்ந்து, மனிதருக்கும் கோழிக்கும் பொதுவான ஒரு நோயெதிர்ப்பு ஆராய்ச்சிசாலையை நடத்துவது அசாத்தியமான காரியமன்று. ஓட்டுநர் உண்டு, மாடு உண்டு, வண்டிதான் இல்லை.

பாஷையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ‘இவையெல்லாம் இங்கிலீஷில் படிக்க வேண்டியவை’ என்ற பேச்சைச் சேலத்தில் கேட்கும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது. 1916-ல், ஐரோப்பிய மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், இதே சேலத்தில் ஸ்ரீ சி. ராஜகோபாலாச்சாரியார் முதலிய சிலர் கூடித் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்று ஒன்றை நிறுவி, ரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடி, அதற்கென்று பத்திரிகையும் நடத்தினார்கள். அவர்கள் அமைத்த சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. நம் பிற்காலத்தவர் வேறு சொற்களை விரும்பினார்கள். சொல் எதுவாயினும் ஆகுக. வக்கீல் தொழிலையும் முனிசிபல் வேலையையும் பார்த்துக்கொண்டே, அந்நிய ஆட்சியில், சர்க்கார் மானியத்தை எதிர்பாராமல் அவர்கள் செய்த காரியத்துக்கு இன்று மூன்று கல்லூரிகளும் ஒரு சர்வகலாசாலையும் உள்ள பிரதேசத்தில் வாரிசு வேண்டாமா? பண்ணைக்காரனுக்கு டைட்டரின் சாஸ்திரத்தையும், தாய்க்குத் தொப்புள்கொடியின் சாஸ்திரத்தையும் தமிழில் எழுதித் தரும் சிறு புத்தகம் ஒன்றுக்கு 1 லட்சம் கோடி வேண்டியதில்லை.

அநுசந்தான் ஸ்தாபனத்தின் ஐந்து வருஷக் கணக்கு 2028-ல் முடிகிறது. இவ்விரண்டு ஜில்லாக்களிலிருந்தும் பார்லிமெண்டுக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், சபையில் எழுந்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். 50,000 கோடியில் தனி முதலாளிகள் தருவதாகச் சொல்லப்பட்ட 36,000 கோடியில் எவ்வளவு வந்தது? வந்ததில், திருப்பிக் கேட்காத மானியமாக, சந்தை தெரியாத அடிப்படை ஆராய்ச்சிக்குக் கொடுத்தது எவ்வளவு? அதில் டில்லி, பம்பாய், பெங்களூர் போன்ற நகரங்களைத் தாண்டிச் சேலம், நாமக்கல் போன்ற ஊர்களுக்கு வந்தது எத்தனை ரூபாய்? பதில் சபைக் குறிப்பில் அச்சாகும் நாளில் நாம் அதை இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.